‘முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்’ - அந்த ஒற்றை வரிக்கு எதிராக

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருடம். வழக்கமாக "மாமா, எப்ப ஊருக்கு வர்றீங்க?" என்று ஆரம்பிப்பவள், அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மாமா, எனக்கு இந்த ப்ரோகிராமிங் எல்லாம் வராது போல. பேசாம பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாமான்னு இருக்கேன்."

பேங்க் எக்ஸாம் படிப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற உத்தியோகத்தைக் குறை சொல்ல நான் யாரு? ஆனால் அந்த "வராது போல" மட்டும் தொண்டையில் மீன் முள்ளு மாதிரி மாட்டிக்கொண்டது.

"இதுவரைக்கும் எத்தனை ப்ரோகிராம் எழுதிப் பாத்த பாப்பா?"

"எங்க மாமா எழுதுறது? மூணு நாளா இன்ஸ்டாலே ஆகல."

ஆக, ஒரு வரி கூட எழுதவில்லை. எழுதாமலேயே தனக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவை அவளை எடுக்க வைத்தவர்களுக்கு எதிரானது இந்தப் பதிவு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள். ஆட்டோ அனுப்புறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டு அனுப்புங்க :-)

மூணு ராத்திரிக் கதை

அவள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது ரஸ்ட். 2015 மே மாதம் 1.0 பதிப்பு வந்த மொழி. சி, சி ப்ளஸ் ப்ளஸ் மாதிரி வேகம், ஆனால் மெமரி விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருக்கும். காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தி சொல்லியிருக்கிறாள். இவளும் தமிழில் ஒரு அறிமுகத் தொடரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்தத் தொடரில் முதல் பாடத்தின் முதல் வரி: "முதலில் ரஸ்டை நிறுவிக்கொள்ளுங்கள்." அடுத்த வரியிலேயே ஹலோ வேர்ல்டு.

முதல் ராத்திரி. செகண்ட்ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப், 4 ஜிபி ராம். நெட்டுக்கு செல்போன் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. ரஸ்டின் நிறுவி சின்ன ஃபைல்தான், சடார்னு இறங்கிவிட்டது. திறந்தால் கறுப்புத் திரை. "விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் முன்தேவைகள் இல்லை" என்கிறது. மூன்று வழி கொடுக்கிறது. ஒன்று, விஷுவல் ஸ்டுடியோ மூலமாக இப்போதே இறக்கிக்கொள்வது. இரண்டு, நீங்களே தனியாகப் போட்டுக்கொள்வது. மூன்று, வேண்டாம். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற பெண் எதை அமுக்குவாள்? மூன்றைத்தான். நானா இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பேன்.

ரஸ்ட் ஏறிவிட்டது. 'கார்கோ ரன்' என்று அடித்தாள். பதில்: லிங்க் டாட் இஎக்ஸ்இ என்கிற லிங்கரைக் காணோம்! அதற்குக் கீழே சின்னதாகச் சில குறிப்புகள். விஷுவல் ஸ்டுடியோ 2017 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டுமாம். கடைசிக் குறிப்புதான் உச்சம்: "விஎஸ் கோட் என்பது வேறு சாமான், அது போதாது." சத்தியமா அப்படித்தாங்க இருக்கு. விஷுவல் ஸ்டுடியோ வேறு, விஷுவல் ஸ்டுடியோ கோட் வேறு என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்தால் ஒரு கம்பைலருக்குள்ளேயே அந்த வரியை எழுதி வைத்திருப்பார்கள்! நம்ம பொண்ணும் விஎஸ் கோட் போட்டு வைத்திருந்தாள். "அதான் இருக்கே மாமா, அப்புறம் என்ன இல்லைங்குது?"

இரண்டாம் ராத்திரி. சரி, கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று அந்தப் பில்ட் டூல்ஸை இறக்க ஆரம்பித்தாள். அது ஜிபி கணக்கு. அன்றைய டேட்டா பாதியிலேயே தீர்ந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாள் கோட்டா வரும் என்று முழித்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். அம்மாவிடம் திட்டு வேறு.

மூன்றாம் ராத்திரி. இறங்கியது, ஏறியது. மறுபடி 'கார்கோ ரன்'. மறுபடி அதே லிங்கரைக் காணோம். ஏன்? அந்த நிறுவியில் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் 'டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி ப்ளஸ் ப்ளஸ்' என்ற கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும். அவள் செய்யவில்லை. அவள் படிக்க வந்தது ரஸ்ட், சி ப்ளஸ் ப்ளஸ் இல்லையே! டிக் செய்யாதது அவள் தப்பா? அவள் யோசித்தது நூற்றுக்கு நூறு நியாயம். நியாயமாக யோசித்ததற்குக் கிடைத்த பரிசுதான் "எனக்கு வராது போல".

அப்புறம் அந்தத் தமிழ்த் தொடர். யார் எழுதினதுன்னு கேக்குறீங்களா? அடியேன்தான். மாமா எழுதியது என்பதால் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறாள். மூணு நாள் என்னிடம் கேட்காததற்குக் காரணமும் அதுவேதான். "நீங்க ஒரே வரியில எழுதியிருந்தீங்க. அது கூடத் தெரியலைன்னா என்ன நினைப்பீங்களோன்னு..."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் ரஸ்ட்? பைத்தான்ல ஆரம்பிக்கலாமே!

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வாங்க, பைத்தானுக்கே போவோம்.

விண்டோஸில் பைத்தான் நிறுவியைத் திறந்தால் பெரிய எழுத்தில் 'இன்ஸ்டால் நவ்' இருக்கும். கண் அங்கேதான் போகும், கை தானாக அமுக்கும். அதற்குக் கீழே, திரையின் அடியில், சின்னதாக ஒரு கட்டம்: பைத்தானைப் 'பாத்'தில் சேர்க்கவா என்று. அது டிக் இல்லாமல்தான் இருக்கும். அதைக் கவனிக்காமல் அமுக்கினால், கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடிக்கும்போது "அப்படி ஒரு கட்டளையே கிடையாது" என்று வரும். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10ல் இன்னொரு கூத்து: பைத்தான் என்று அடித்தால் கடையைத் திறந்து காட்டும். ஆமாம், ஸ்டோர். இப்பத்தான் நிறுவினேன், எதுக்குடா கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு புள்ளைங்க முழிக்கும்.

லினக்ஸ்காரங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. 2023ல் வந்த டெபியன் 12ல் பழைய பழக்கத்தில் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால், "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று நிறுத்திவிடும். சிஸ்டத்துக்கென்று இருக்கிற பைத்தானை நீங்கள் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. நல்ல பூட்டுதான். 'வென்வ்' போட்டுத் தனிச் சூழல் அமைத்துக்கொள்வதுதான் சரியான வழி. ஆனால் 2023க்கு முன்னால் எழுதின நம்ம தமிழ்ப் பாடங்களில் எத்தனை பேர் அதைத் திருத்தினோம்? படிக்கிற பையன் பழைய பாடத்தைப் பார்த்து அடிக்கிறான், வரவில்லை. தேடுகிறான். யாரோ ஒரு புண்ணியவான் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று ஒரு வாலைச் சேர்த்து அடி, சரியாகிவிடும் என்கிறான். அந்த வாலின் பெயரிலேயே 'உடை' என்று இருக்கிறது! முதல் பாடத்திலேயே பூட்டை உடைக்கக் கற்றுக்கொடுத்தாச்சு.

ஆக, இது ரஸ்ட் பிரச்னை இல்லை. அந்த மொழிகளைச் செய்தவர்களை நான் திட்டவும் இல்லை. அவர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள், எர்ரருக்குக் கீழே குறிப்பு எழுதி வைக்கிற அளவுக்கு அக்கறையும் இருக்கிறது. என் சண்டை நம்மோடுதான். நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று, இத்தனை முள்ளையும் ஒரே வரிக்கு அடியில் புதைத்து வைக்கிற நம்மோடு.

டர்போ சி-யைக் கேலி செய்யும் பெருமக்களே...

நம்ம ஊர்க் கல்லூரிகளில் இன்னமும் டர்போ சி ஓடுகிற லேப்கள் இருப்பது ஊருக்கே தெரிந்த ஜோக். நீலத் திரை. 1990களின் தொடக்கத்துச் சாமான். சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998ல். அதாவது தரம் வருவதற்கு முந்தைய மொழியைப் படிக்கிறார்கள் பிள்ளைகள். அதில் 'இன்ட்' 16 பிட். 32767க்கு மேல் போகாது. சம்பளம் 40000 என்று போட்டால் மைனஸ் 25536 என்று காட்டும். (சில மாசக் கடைசியில் எனக்கு அது சரியான விடைதான், அது வேற விஷயம் :-))

64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸில் சுற்றி வைத்து ஓட்டுகிறார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பழைய பொட்டியை ஏன் இன்னும் கட்டி அழுகிறார்கள்? வாத்தியார்களுக்கு அறிவில்லை, சிலபஸ் மோசம் என்று நாமும் எத்தனையோ பதிவு எழுதிவிட்டோம். ஒரு காரணத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். அதை அமுக்கினால் ஏறிவிடும். எடிட்டர், கம்பைலர், லிங்கர், உதவிக் குறிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. கன்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும். நெட் வேண்டாம், ராம் வேண்டாம், பாத் வேண்டாம். அறுபது பிள்ளைகள் இருக்கிற லேபில், ஒன்றரை மணி நேர வகுப்பில், முதல் பத்து நிமிடத்தில் எல்லாத் திரையிலும் ஏதோ ஒன்று ஓட வேண்டும் என்ற நிலையில் இருக்கிற வாத்தியார் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? அவர் பழமைவாதி இல்லை. அவருக்கு நாம் வேறு வழி காட்டவில்லை.

முப்பது வருடத்துக்கு மேலாகியும் டர்போ சி சாகாமல் இருப்பதற்கு மொழியின் பெருமை காரணம் இல்லை, மூட்டையின் பெருமைதான் காரணம். இதைப் புரிந்துகொள்ளாமல் "இன்னுமா டர்போ சி? ஹிஹி" என்று எழுதுகிற ஒவ்வொரு பதிவும், சோறு இல்லாதவனிடம் கேக் சாப்பிடச் சொல்கிற கதைதான்.

"நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..."

இனி முக்கியமான எதிரிக்கு வருகிறேன். பொட்டி தட்டுகிற நம் கூட்டத்தில் ஒரு வாதம் உண்டு. "கஷ்டப்படட்டும் சார். இதையே தாண்ட முடியலைன்னா அப்புறம் என்ன ப்ரோகிராமர்? இது ஒரு வடிகட்டி."

சரி, வடிகட்டி என்றே வைத்துக்கொள்வோம். அது எதை வடிகட்டுகிறது என்று பார்ப்போமா?

வீட்டில் ஃபைபர் இணைப்பும் 16 ஜிபி ராமும் இருக்கிற பையன் மூன்றில் முதல் வழியை அமுக்கிவிட்டு, காபி குடித்துவிட்டு வருவான். எல்லாம் ஏறியிருக்கும். அவனுக்கு லிங்கர் என்றால் என்ன என்று கடைசி வரை தெரியாது. அவன் வடிகட்டியைத் தாண்டிவிட்டான். என் அக்கா மகள் மூன்று ராத்திரி முழித்து, எர்ரரை வார்த்தை வார்த்தையாகப் படித்து, லிங்கர் என்று ஒன்று இருக்கிறது என்பதையே தானாகக் கண்டுபிடித்தாள். அவள் வெளியே நிற்கிறாள். உங்க வடிகட்டியில டிக்காஷன் மேலயே நின்னு சக்கை கீழ இறங்குது சார்!

நானே எப்படித் தாண்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜாவா படிக்க ஆரம்பித்த காலத்தில் 'ஜாவாசி' என்ற கட்டளையே இல்லை என்று வந்தது. எனக்கு அறிவு ஜாஸ்தி என்பதால் அதைத் தாண்டவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வந்து, 'பாத்'தில் ஒரு செமிகோலன் விட்டுப்போயிருக்குடா என்று சேர்த்துவிட்டுப் போனார். முப்பது செகண்ட். அந்த முப்பது செகண்ட் எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குத் 'திறமை' என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாத் என்றால் என்ன, லிங்கர் என்ன செய்கிறது, ஒரே மொழியின் இரண்டு பதிப்பை ஒரே பொட்டியில் எப்படி வைத்துக்கொள்வது - இதெல்லாம் இந்தத் தொழிலில் தெரிந்திருக்கத்தான் வேண்டும். வேலையில் பாதி நாள் இந்தப் பஞ்சாயத்துதான். என் கேள்வி வரிசையைப் பற்றியது. சமைக்கக் கத்துக்க வந்த பிள்ளையிடம், முதலில் கேஸ் அடுப்பைப் பிரித்து பர்னரைக் கழுவிச் சேர்த்துக் காட்டு, அப்புறம் வெந்நீர் வைக்கலாம் என்று யாராவது சொல்வோமா? பர்னரைக் கழுவத் தெரிய வேண்டும்தான். வெந்நீர் வைத்து, சோறு வடித்து, ருசி கண்ட பிறகு தானாகவே கழுவுவாள்.

"அதான் பிரவுசரிலேயே ரஸ்ட் பிளேகிரவுண்ட் இருக்கே, கோ பிளேகிரவுண்ட் இருக்கே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொம்ப நல்ல விஷயம், முதல் பாடத்துக்கு அதுதான் சரி. ஆனால் அதிலேயே குடியிருக்க முடியாது. தன் பொட்டியில் இருக்கிற ஒரு ஃபைலைத் திறந்து படிக்க முடியாது, அந்த ப்ரோகிராமிலிருந்து வெளி நெட்டைத் தொட முடியாது. என்றைக்காவது ஒருநாள் சொந்த வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

முடியாத காரியமா என்ன?

இது தலையெழுத்து, மாற்ற முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். 1984ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. சுவிட்சைப் போட்டால் நேராக பேசிக் மொழியில் வந்து நிற்கும் பொட்டி அது. நிறுவல் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. எழுது, ஓட்டு. நாற்பது வருடம் முன்னால் முடிந்தது.

இன்றைக்கும் முடிகிறது. கோ மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ல் வெளியான அந்த மொழியில் ரொம்ப நாள் 'கோபாத்' என்று ஒரு தலைவலி இருந்தது. எல்லாக் கோடும் ஒரே குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் இருந்தாக வேண்டும். வந்தவர்களெல்லாம் அங்கேயே முட்டிக்கொண்டார்கள். 2018ல் 1.11 பதிப்பில் 'மாட்யூல்' முறையைக் கொண்டுவந்தார்கள். 2021ல் 1.16ல் அதையே இயல்புநிலை ஆக்கினார்கள். இப்போது எந்த ஃபோல்டரிலும் எழுதலாம். ஒரே பொட்டலம், தனியாக ஒரு சி கம்பைலர் கூடத் தேவையில்லை. முட்டிக்கொண்டவன்தான் முட்டாள் என்று விட்டிருந்தால் இது நடந்திருக்குமா? கதவைத்தான் மாற்றினார்கள். ஆனால் நம்ம தமிழ்ப் பாடங்கள் சிலவற்றில் கோபாத் இன்னும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

நமக்கென்றே தனியாக ஒரு முள்ளும் உண்டு. விண்டோஸில் கணக்குத் தொடங்கும்போது ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தால், பயனர் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகும். அப்புறம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போடுங்கள். உங்கள் பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் இருக்கின்றன என்று மூக்கைச் சிந்தும். தமிழ்ல பேர் வெச்சது குத்தமாய்யா? குத்தம் இல்லை. ஆனால் இதை முதல் வரியிலேயே சொல்ல ஒரு தமிழ்ப் பாடத்தால்தான் முடியும். இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு முள் இருப்பதே தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன்

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எக்ஸ்பி காலத்தில் தமிழ் யூனிகோடு ஒழுங்காகத் தெரிய என்ன பாடு பட்டோம்! கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். ரீஜனல் செட்டிங்ஸ் போய், காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தை டிக் செய்தால், எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். சிடி எங்கே இருக்கும்? பொட்டியை அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரரிடம் இருக்கும். அப்புறம் தட்டச்ச இ-கலப்பையா, அழகியா என்று ஒரு தனி ஆராய்ச்சி.

அன்றைக்கு எனக்குத் தமிழில் ஒரு வரி அடிக்கத் தெரியாது. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து படம் படமாகப் பிடித்து, எந்தக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும், சிடி இல்லாவிட்டால் என்ன செய்யலாம், 'ழ' வர எந்த விசையை அமுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். கேட்ட சந்தேகத்துக்கெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கும் பதில் போட்டார்கள். "இதையே செய்யத் தெரியலைன்னா நீயெல்லாம் என்னத்த எழுதிக் கிழிக்கப் போற?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பக்கம் இருந்திருக்காது. உங்களில் பாதிப் பேர் பக்கமும் இருந்திருக்காது.

நாம் அப்படி வந்தவர்கள். நிறுவல் உதவிதான் நமக்குக் கிடைத்த முதல் பிச்சை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்யலாம்?

சும்மா திட்டிவிட்டுப் போனால் மொக்கைப் பதிவு ஆகிவிடும். தொழில்நுட்பம் எழுதுகிற எல்லாருக்கும், முதலில் எனக்கு, சில கட்டளைகள்:

1. தேதி, மொழியின் பதிப்பு, எந்த விண்டோஸ் அல்லது எந்த லினக்ஸ் - மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். பழசானால் "இது பழசு" என்று மேலே ஒட்டுங்கள்.

2. எத்தனை எம்பி இறங்கும், டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எழுதுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறவருக்கு அதுதான் முதல் தகவல்.

3. எடிட்டர் எது, கம்பைலர் எது, லிங்கர் எது என்று ஆளுக்கு ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள். இது தெரியாததால்தான் "அதான் இருக்கே மாமா".

4. நிறுவுவதற்கு முன்னாலேயே பிரவுசரில் ஒரு பத்து நிமிட ருசி காட்டுங்கள். முதல் ப்ரோகிராம் முதலில், முதல் நிறுவல் அப்புறம்.

5. ஒவ்வொரு படி முடிந்ததும் திரையில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன தெரியும் என்று இரண்டையும் எழுதுங்கள். எர்ரர் வாசகத்தை அப்படியே அச்சடியுங்கள். தேடுகிறவர் அதை வைத்துத்தான் தேடுவார்.

6. உங்கள் பொட்டியில் ஓடுகிறது என்பதெல்லாம் கணக்கில்லை. பத்து வருடமாகக் கண்டதையும் ஏற்றி வைத்த பொட்டி அது. ஒரு புதுப் பொட்டியிலோ, குறைந்தபட்சம் ஒரு விர்ச்சுவல் மிஷினிலோ, உங்கள் பாடத்தை நீங்களே வரி வரியாகச் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். என் ஒற்றை வரி முதல் நிமிடத்திலேயே மண்ணைக் கவ்வியது.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்றைக்கு ராத்திரியே அவளைக் கூப்பிட்டேன். "பாப்பா, தப்பு உன் மேல இல்ல. மாமா எழுதினது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வழி ஒன்று இருக்கிறது. ரஸ்டுக்கு விண்டோஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று எம்எஸ்விசி, மற்றது ஜிஎன்யு. இரண்டாவதுக்கு விஷுவல் ஸ்டுடியோ வேண்டாம், தேவையான லிங்கரைத் தானே கொண்டுவந்துவிடும். ஏற்கனவே போட்டதை நீக்கச் சொன்னேன். நிறுவியை மறுபடி திறந்து, முன்தேவை வேண்டாம் என்ற அதே மூன்றாவது வழி. அதாவது அவள் முதல் ராத்திரி அமுக்கினாளே, அதேதான்! அடுத்த திரையில் 'கஸ்டமைஸ்'. அங்கே எம்எஸ்விசி என்று முடிகிற பெயருக்குப் பதில் ஜிஎன்யு என்று முடிவதாக அடிக்க வேண்டும். ப்ரொஃபைல் 'மினிமல்'. அப்போதுதான் ஆயிரக்கணக்கான உதவிப் பக்க ஃபைல்கள் ஏறாது, பழைய லேப்டாப் மூச்சு விடும். மொத்தமும் அவளுடைய ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்கியது. சி மொழியைக் கூட்டு சேர்த்துக்கொள்கிற சில நூலகங்கள் பின்னால் தகராறு செய்யலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

'கார்கோ ரன்'. ஹலோ வேர்ல்டு.

அரை மணி நேரம் கழித்து மறுபடி போன்.

"மாமா, எர்ரர் வருது!"

எனக்குப் பகீர் என்றது. "என்னம்மா இப்ப?"

"செமிகோலன் விட்டுட்டேனாம். எந்த வரி, எந்த இடம்னு அம்புக்குறி போட்டே காட்டுது. நானே சரி பண்ணிட்டேன். சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

எர்ரர்தான். ஆனால் இது அவளுடைய எர்ரர். அவள் எழுதியதில் வந்தது, அவளே திருத்தியது. முதல் மூன்று ராத்திரி வந்ததெல்லாம் என்னுடைய எர்ரர்.

பேங்க் எக்ஸாம் புத்தகமும் வாங்கி வைத்திருக்கிறாளாம். படிக்கட்டும். எதைப் படிப்பது என்பது அவள் முடிவு. வராது என்று நினைத்துக்கொண்டு விடக் கூடாது, அவ்வளவுதான்.

பி.கு. 1: என் பழைய தொடரின் முதல் பாடத்தைத் திருத்திவிட்டேன். ஒரு வரியாக இருந்தது இப்போது நாலு பக்கம். யாராவது நீளம் ஜாஸ்தி என்று சொன்னால் கோபம் வரும்.

பி.கு. 2: அடுத்த நாள் 'ஹலோ வேர்ல்டு'க்குப் பதில் 'வணக்கம்' என்று தமிழில் அச்சடித்துப் பார்த்திருக்கிறாள். "கட்டம் கட்டமா வருது மாமா." விண்டோஸின் பழைய கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது தாயி, உன் ப்ரோகிராம் சரிதான் என்றேன். இந்த முறை அவள் "எனக்கு வராது போல" என்று சொல்லவில்லை. "அப்ப அந்தத் திரையை எழுதினவங்களுக்குத்தான் வரல" என்றாள். தேறிடுவா :-)